மொட்டை மாடியில் அப்போலோ 13

கடலூர் முதுநகரில் சித்திரை, வைகாசி மாதங்களில் ராத்திரி வீட்டுக்குள் உட்கார முடியாது. எட்டு மணிக்கு மேல் எங்கள் தெருவில் எல்லோரும் மாடியில்தான். போன வருடம் நண்பர் ஒருவரிடம் புரொஜெக்டர் இரவல் வாங்கி, தண்ணீர்த் தொட்டிச் சுவரில் வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டி, சனிக்கிழமைதோறும் படம் போட ஆரம்பித்தோம். அப்படி ஒரு சனிக்கிழமை ஓடியது ‘அப்போலோ 13’. ரான் ஹோவர்ட் இயக்கி, டாம் ஹேங்க்ஸ் நடித்து 1995-இல் வந்த படம். ஆங்கிலம் என்பதால் புரியாத இடங்களில் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். விசைப்படகில் போகிறவர்கள், படகு இஞ்சின் மெக்கானிக் அண்ணன் ஒருவர், பள்ளி ஆசிரியர் ஒருவர், கல்லூரியில் படிக்கும் இரண்டு பெண்கள், மீன் விற்கும் அக்காமார்கள், பிள்ளைகள் என்று இருபது பேர் இருப்பார்கள்.

படம் முடிந்தும் ஒரு மணி நேரம் யாரும் கீழே இறங்கவில்லை. நன்றாக இருந்ததா இல்லையா என்ற பேச்சு சீக்கிரம் முடிந்துவிட்டது. இதில் எது நிஜம், எது சினிமாவுக்காகச் சேர்த்தது என்பதில்தான் ஆளுக்கொரு கருத்து. அன்றைக்குப் பாதிக் கேள்விக்குத்தான் என்னால் பதில் சொல்ல முடிந்தது. மீதியை அப்புறம் தேடிப் படித்தேன். அதையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் நடந்தது என்ன என்று பார்த்துவிடலாம். 1970 ஏப்ரல் 11 அன்று அப்போலோ 13 ஃபுளோரிடாவிலிருந்து கிளம்பியது. மனிதர்கள் நிலவில் இறங்கும் மூன்றாவது பயணமாக இருந்திருக்க வேண்டியது அது. ஜிம் லவல் தலைவர். கூடவே ஃப்ரெட் ஹெய்ஸ், ஜாக் ஸ்வைகர்ட். ஸ்வைகர்ட் கடைசி நேரத்தில் சேர்க்கப்பட்டவர். முதலில் போக வேண்டியிருந்த கென் மேட்டிங்லிக்கு ஜெர்மன் தட்டம்மை தொற்றியிருக்கலாம் என்று பயந்து மாற்றினார்கள். அவருக்குக் கடைசிவரை அந்த அம்மை வரவே இல்லை.

பயணத்தைக் கீழிருந்து நடத்திய கட்டுப்பாட்டு மையம் அமெரிக்காவின் ஹூஸ்டனில். அந்த ஊர் நேரப்படி ஏப்ரல் 13 இரவு 9 மணி 8 நிமிடத்துக்கு, பூமியிலிருந்து சுமார் 3,30,000 கிலோமீட்டர் தொலைவில், ஆக்சிஜன் தொட்டி ஒன்று வெடித்தது. நம் நேரத்தில் கணக்குப் போட்டால் ஏப்ரல் 14 காலை எட்டரை மணிக்கு மேல். தமிழ்ப் புத்தாண்டு அன்று. இங்கே வாசலில் கோலம் போட்டு வேப்பம்பூப் பச்சடிக்கு அடுப்பு மூட்டியிருந்த நேரம், அங்கே மூன்று பேர் ஜன்னல் வழியாக ஆக்சிஜன் ஆவியாகப் பீறிட்டு வெளியேறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆக்சிஜன் போனால் மூச்சு போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தக் கலத்தில் மின்சாரமும் ஆக்சிஜனிலிருந்துதான் வந்தது. எரிபொருள் கலன்கள் ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் சேர்த்து மின்சாரம் தயாரிக்கும். அந்த வேலையில் மிஞ்சுவது தண்ணீர், அதுதான் குடிக்கவும். படகுக்காரர்களுக்கு இதை விளக்க எனக்கு ஒரு வரிதான் தேவைப்பட்டது: டீசல், பேட்டரி, குடிதண்ணீர் கேன் மூன்றும் ஒரே நேரத்தில் போய்விட்டது.

“அப்ப அப்படியே திருப்பிக்கிட்டு வர வேண்டியதுதானே தம்பி, எதுக்கு நிலாவச் சுத்துனாங்க?” என்று ஒருவர் கேட்டார். மிகச் சரியான கேள்வி. ஹூஸ்டனிலும் அன்றைக்கு இதே வாக்குவாதம் நடந்தது. நேராகத் திரும்புவது என்றால், போய்க்கொண்டிருக்கும் வேகம் முழுவதையும் பெரிய இஞ்சினைக் கொடுத்து அடக்க வேண்டும். அந்த இஞ்சின் இருந்த பகுதியில்தான் வெடிப்பு. அது நல்ல நிலையில் இருக்கிறதா என்றே தெரியாத நிலையில் அதை இயக்க யாருக்கும் துணிவில்லை. அதனால் நிலவில் இறங்குவதற்காகக் கூடவே கொண்டுபோன ‘அக்வேரியஸ்’ என்ற சின்னக் கலத்தின் இஞ்சினை இயக்கி, நிலவின் ஈர்ப்பே சுற்றித் திருப்பி பூமிப்பக்கம் அனுப்பிவிடும் பாதையில் போய்ச் சேர்ந்தார்கள். கேட்டவருக்கு உடனே பிடிபட்டது. நீரோட்டத்தை எதிர்த்து டீசலைச் செலவழிக்காமல், சுற்றானாலும் அதன் போக்கிலேயே கரை சேர்கிற கணக்கு.

அக்வேரியஸ் இரண்டு பேருக்கு இரண்டு நாள் என்று கட்டப்பட்டது. அதில் மூன்று பேர் நான்கு நாள் ஓட்ட வேண்டியிருந்தது. மின்சாரத்தைச் சேமிக்க ஏறக்குறைய எல்லாவற்றையும் அணைத்தார்கள். உள்ளே குளிர் 3 டிகிரி வரை இறங்கியது. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குத் தண்ணீர் சுமார் 200 மில்லி, ஒரு டம்ளர்தான். லவல் ஆறு கிலோ இளைத்துப் போனார், ஹெய்ஸுக்குச் சிறுநீர்த் தொற்று வந்து காய்ச்சல். படத்தில் அந்தக் குளிரும் நடுக்கமும் நன்றாகவே வந்திருக்கிறது. எடை இல்லாமல் மிதக்கும் காட்சிகளுக்கு நிஜமாகவே விமானத்தை மேலே ஏற்றி இறக்கி, ஒவ்வொரு தடவையும் கிடைக்கிற இருபத்து சொச்ச விநாடியில் படம் பிடித்திருக்கிறார்கள்.

அந்த மெக்கானிக் அண்ணனுக்கு மட்டும் படம் திருப்தி இல்லை. முப்பது வருடமாகப் படகு இஞ்சின் பிரித்துக் கோர்ப்பவர். “எல்லாம் சரி, தொட்டி ஏன் வெடிச்சது? அதச் சொல்லவே இல்லையே” என்றார். படத்தின் கடைசியில், தொட்டிக்குள் இருந்த சுருள் ஒன்று பழுது என்று லவலின் குரலில் இரண்டு வாக்கியம் வருகிறது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும் படத்தில் அவ்வளவுதான். அவர் அதைக் கவனித்திருந்தார், போதாது என்றார்.

பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதை அவருடைய பட்டறையில் உட்கார்ந்து சொன்னேன். அந்தத் தொட்டி முதலில் அப்போலோ 10-க்காகப் பொருத்தப்பட்டது. மாற்றம் செய்யக் கழற்றும்போது ஒரு போல்ட்டைக் கழற்ற மறந்துவிட்டார்கள். தூக்கிய இடத்திலிருந்து தொட்டி இருந்த தட்டு இரண்டு அங்குலம் கீழே விழுந்தது. இரண்டே அங்குலம். வெளியே பார்க்க ஒன்றும் ஆகவில்லை. உள்ளே ஒரு குழாய் இடம் மாறியிருக்கலாம் என்பது பிறகு வந்த முடிவு. 1970 மார்ச்சில் ஏவுதளத்தில் ஒத்திகை நடந்தபோது அந்தத் தொட்டியிலிருந்து ஆக்சிஜன் வழக்கம்போல வெளியே வரவில்லை. சரி, உள்ளே இருக்கும் ஹீட்டரைப் போட்டு ஆவியாக்கி வெளியேற்றிவிடலாம் என்று சுமார் எட்டு மணி நேரம் ஹீட்டரை ஓட விட்டார்கள்.

ஹீட்டர் அதிகம் சூடானால் தானாக அணைக்க ஒரு தெர்மோஸ்டாட் உண்டு. விண்கலத்தில் ஓடுவது 28 வோல்ட், அந்த சுவிட்சும் 28-க்குச் செய்தது. ஏவுதளத்தில் கொடுத்ததோ 65 வோல்ட். 65-ஐத் தாங்கும்படி மாற்ற வேண்டும் என்று சில வருடம் முன்பே விதிமுறையைத் திருத்தியிருந்தார்கள். சுவிட்சை மட்டும் யாரும் மாற்றவில்லை. நான் இந்த இடத்துக்கு வந்ததும் அண்ணன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். “பாயிண்ட் ஒட்டிக்கிச்சா?”

ஆமாம், அதேதான். சூடு ஏறி சுவிட்ச் பிரியப் போகும்போது 65 வோல்ட்டில் பொறி பறந்து இரண்டு முனையும் உருகி ஒட்டிக்கொண்டன. ஹீட்டர் நிற்கவே இல்லை. தொட்டிக்குள் வெப்பம் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கும் என்று கணக்கிட்டார்கள். கண்காணித்தவர் பார்த்துக்கொண்டிருந்த அளவுமானி நம் ஊர்ச் சித்திரை வெயில் அளவைக்கூடக் காட்டாது. அதனால் எல்லாம் சரியாக இருப்பதாகவே முள் காட்டியது. உள்ளே விசிறி மோட்டாருக்குப் போகும் வயர்களின் டெஃப்லான் உறை வெந்து வெடித்துவிட்டது. அந்தத் தொட்டிதான் மேலே போனது. ஆக்சிஜனைக் கலக்கிவிட ஸ்வைகர்ட் விசிறியைப் போட்டார். உறை போன வயர், அழுத்தத்தில் அடைபட்ட ஆக்சிஜன், ஒரு பொறி. இவ்வளவையும் விசாரணைக் குழு அந்த ஜூன் மாதத்துக்குள் கண்டுபிடித்து அறிக்கை கொடுத்துவிட்டது.

“இதத்தான்பா மொதல்ல காட்டியிருக்கணும். வெளியில ஒண்ணும் தெரியாது, உள்ள வெந்து கெடக்கும். எங்க தொழில்ல தெனம் நடக்கறது” என்றார் அவர். எனக்கும் அது சரி என்றுதான் படுகிறது. படம் மூன்று வீரர்களின் கண் வழியாகச் சொல்லப்படுவதால், அவர்களுக்குத் தெரியாத ஒன்றை முதலிலேயே காட்ட முடியாமல் போயிருக்கலாம். ஆனால் யாரோ சோம்பலாக இருந்து இந்த விபத்து வரவில்லை. மறந்துபோன அந்த ஒரு போல்ட்டைத் தவிர, பெரும்பாலும் அவரவர் தன் பங்கு வேலையைச் சரியாகத்தான் முடித்தார்கள். ஒருவர் செய்த மாற்றம் அடுத்தவர் மேசைக்குப் போய்ச் சேரவில்லை. அந்த இரண்டு அங்குலமும் அந்த ஒட்டிப்போன பாயிண்ட்டும் படத்தில் பத்து நிமிடம் வந்திருந்தால் பார்ப்பவர்களுக்குப் பயம் இன்னும் கூடியிருக்கும்.

அடுத்தது சண்டை. படத்தில் ஹெய்ஸ் ஸ்வைகர்ட் மேல் பழி போட்டுக் கத்துவார், இருவரும் மோதிக்கொள்வார்கள். அது நடக்கவே இல்லை. மேலே சண்டை எதுவும் இல்லை என்று லவலே பலமுறை சொல்லியிருக்கிறார். ஸ்வைகர்ட் கலங்களை இணைக்கத் திணறுவாரோ என்று சந்தேகப்படுவதும் சினிமாதான், அவர் அந்தக் கலத்தை நன்றாக அறிந்தவர். உரையாடலின் ஒலிப்பதிவு இணையத்தில் கிடைக்கிறது, கேட்டுப் பாருங்கள். வெடித்த சில விநாடியில் ஸ்வைகர்ட் பேசுவது, மின்வாரியத்துக்குப் போன் போட்டு எங்கள் தெருவில் கரண்ட் இல்லை என்று சொல்கிற குரல் அளவுக்குத்தான் இருக்கிறது. உலகமே இன்றும் சொல்லும் அந்த வாக்கியமும் படத்தில் கொஞ்சம் மாறியது. அவர்கள் சொன்னது, ஹூஸ்டன், இங்கே ஒரு கோளாறு ஏற்பட்டிருக்கிறது என்று, நடந்து முடிந்ததைச் சொல்கிற மாதிரி. படத்தில் அது ‘கோளாறு இருக்கிறது’ என்று நிகழ்காலமானது. திரையில் நிகழ்காலம்தான் பதறவைக்கும் என்று மாற்றியிருக்கிறார்கள். அந்த மாற்றத்தில் எனக்குக் குறை இல்லை.

சண்டைக் காட்சி பற்றி எங்கள் மாடியில் இரண்டு கட்சி. இளைஞர் ஒருவர், நாலு நாள் ஒரே இடத்தில் அடைந்து கிடந்தால் சண்டை வராமல் இருக்குமா, அதுதான் இயல்பு என்றார். நாற்பது வருடம் கடலுக்குப் போன பெரியவர் ஒருவர் தலையை ஆட்டினார். “இஞ்சின் நின்னுபோச்சுன்னா ஒருத்தனும் பேச மாட்டான். சண்டையெல்லாம் கரைக்கு வந்தப்புறம்தான்.” நான் படித்தவற்றில் இதைவிடச் சரியான விமர்சனம் இல்லை.

ஆசிரியருக்குப் பிடித்தது அந்த வடிகட்டிக் காட்சி. மூன்று பேர் விடும் மூச்சில் கரியமில வாயு ஏறிக்கொண்டே போகிறது. அதை உறிஞ்சும் லித்தியம் ஹைட்ராக்சைடு பெட்டிகள் பெரிய கலத்தில் மிச்சம் இருக்கின்றன. அவை சதுரம். அக்வேரியஸில் இருக்கும் துளையோ வட்டம். இது அப்படியே நிஜம். எட் ஸ்மைலி என்ற பொறியாளரின் குழு, கலத்துக்குள் என்னென்ன சாமான் இருக்கிறதோ அதை மட்டும் வைத்து ஒரு இணைப்பைச் செய்தது. பிளாஸ்டிக் பை, குறிப்பேட்டின் கெட்டி அட்டை, உடையின் குழாய், ஒட்டும் நாடா. பிறகு அதை எப்படிச் செய்வது என்று வாயால் சொல்லிச் சொல்லியே மேலே இருந்தவர்களைக் கட்டவைத்தார்கள். படம் காட்டாமல் போயிருந்தாலும் நான் நம்பியிருப்பேன், நம் ஊரில் கிழிந்த டியூபையும் நைலான் கயிற்றையும் வைத்துக் கரை சேர்ந்த படகுகள் நிறைய. மறுநாள் ஆசிரியர் வகுப்பில் பிள்ளைகளுக்கு ஒரு சதுர டப்பாவையும் பைப் துண்டையும் கொடுத்துப் பொருத்தச் சொன்னாராம்.

பூமியை ஜன்னலில் வைத்துக் கலத்தைக் கையால் ஓட்டும் காட்சியும் உண்மைதான். கணினியை அணைத்துவிட்டார்கள், சுற்றிலும் சிதறிய துணுக்குகள் மின்னியதில் நட்சத்திரத்தை வைத்துத் திசை பார்க்க முடியவில்லை. அதனால் பூமியின் பகலும் இரவும் பிரியும் கோட்டைக் கண்ணால் பிடித்துக்கொண்டு 14 விநாடி இஞ்சினை இயக்கினார்கள். நிஜத்தில் இது படத்தில் வருகிற அளவுக்குத் தடதடக்கவில்லை. கலங்கரை விளக்கைக் குறி வைத்து முகத்துவாரத்துக்குள் படகை விடுகிறவர்களிடம் இதை விளக்க எனக்கு வேலையே இல்லை.

கல்லூரிப் பெண்களில் ஒருத்தி கேட்டதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. “எல்லா வேலையும் அந்த வெள்ளை வெயிஸ்ட்கோட் போட்டவரே பண்றாரா அங்கிள்?” அவர் ஜீன் கிரான்ஸ், ஹூஸ்டன் கட்டுப்பாட்டு அறையில் ஒரு குழுவின் தலைவர். அந்த உடை அவர் மனைவி தைத்துக் கொடுத்தது, அதுவும் நிஜம். ஆனால் ஹூஸ்டனில் அப்போது நான்கு குழு மாறி மாறி வேலை செய்தது. வெடித்தபோது பணியில் இருந்தது கிரான்ஸின் குழு. சுமார் ஒரு மணி நேரத்தில் கிளின் லன்னியின் குழு பொறுப்பேற்றது. பெரிய கலம் செத்துக்கொண்டிருக்க, அக்வேரியஸை உயிர்ப்பித்து மூன்று பேரையும் அதற்குள் மாற்றிய அந்த மிகக் கடினமான மணிநேரங்கள் லன்னியுடையவை. படத்தில் அவர் ஓரத்தில் வந்து போகிறார். அதேபோல மேட்டிங்லி தனியாக மாதிரிக் கலத்தில் இருட்டில் உட்கார்ந்து, அணைத்துப்போட்ட பெரிய கலத்தை மிஞ்சிய மின்சாரத்தில் மறுபடி இயக்கும் கணக்கைக் கண்டுபிடிப்பதாக வருகிறது. அவர் உழைத்தது உண்மை. ஆனால் அந்த மின்சாரக் கணக்கை முன்னின்று போட்டவர் ஜான் ஆரன், அவரோடு பெயர் தெரியாத இன்னும் பலர். தோல்வி என்ற பேச்சுக்கே இடமில்லை என்று கிரான்ஸ் சொல்லும் புகழ்பெற்ற வசனம்கூட அன்றைக்கு யாரும் பேசியதல்ல. திரைக்கதை எழுதியவர்கள் உருவாக்கியது. பின்னாளில் கிரான்ஸ் அதையே தன் சுயசரிதைக்குத் தலைப்பாக வைத்துக்கொண்டார்.

இங்கேதான் எனக்கு வருத்தம். சண்டை சேர்த்தது, நேரத்தைச் சுருக்கியது இதெல்லாம் பெரிய குற்றமில்லை. நூற்றுக்கணக்கானோர் கணக்குப் போட்டு, சரிபார்த்து, அடுத்த குழுவிடம் குறிப்பெழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கி எழுந்து வந்து மறுபடி போட்ட கணக்கு அது. தொட்டியைக் கெடுத்தது ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போகாத தகவல். வீரர்களைக் காப்பாற்றியது நான்கு நாள் தவறாமல் கைமாறிய தகவல். அதைப் போய் ஒரு ஆளின் உறுதியாகவும் ஒரு ஆளின் மூளையாகவும் காட்டும்போது கதை கையைவிட்டுப் போகிறது.

அந்தப் பெண் அதற்குள் ‘மிஷன் மங்கள்’ படத்துக்குப் போய்விட்டாள். செவ்வாய்க்கு இந்தியா அனுப்பிய மங்கள்யான் கலம் பற்றி 2019 ஆகஸ்ட் 15-இல் வந்த ஹிந்திப் படம். பெண் விஞ்ஞானிகளின் கதை என்று சொல்லிவிட்டு, போஸ்டரில் அக்‌ஷய் குமார் முகத்தைப் பெரிதாக வைத்து, பெண்களைச் சின்னதாக வைத்தார்கள் என்று அப்போதே பலர் எழுதினார்கள். அவளுக்கும் அதுதான் கோபம். கூட இருந்த தோழி விடவில்லை. அடுப்பை அணைத்த பிறகும் எண்ணெயில் இருக்கும் சூட்டிலேயே பூரி பொரிவதை வைத்து எரிபொருள் சிக்கனத்தை விளக்கும் காட்சி அதில் உண்டு. “அந்தப் பூரி இல்லன்னா எங்க அம்மா முழுப் படமும் பார்த்திருக்கவே மாட்டாங்க” என்றாள். இதுவும் நியாயமான கருத்துதான், தள்ளிவிட முடியாது.

ஆனால் மங்கள்யானின் நிஜக் கதையில் பூரியைவிடப் பெரிய விஷயங்கள் இருக்கின்றன. 2013 அக்டோபர் 28-இல் ஏவ வேண்டியது ஒரு வாரம் தள்ளிப்போனதற்குக் காரணம் கடல். ராக்கெட் தென் பசிபிக் மேலே பறக்கும்போது கண்காணிக்க நாளந்தா, யமுனா என்று இரண்டு கப்பல்கள் போக வேண்டும். மோசமான வானிலையில் ஒரு கப்பல் இடத்துக்குப் போய்ச் சேரத் தாமதமானது, ராக்கெட்டும் காத்திருந்தது. இதைச் சொன்னதும் படகுக்காரர்கள் முகத்தில் ஒரு நெருக்கம் வந்ததைப் பார்த்தேன். நவம்பர் 5 மதியம் 2.38-க்குப் பறந்தது. அடுத்த வாரம், நவம்பர் 11 அன்று, சுற்றுப்பாதையை உயர்த்தும் நான்காவது முயற்சி பாதியில் நின்றது. விநாடிக்கு 130 மீட்டர் வேகம் கூட வேண்டும், 35 மீட்டர்தான் கூடியது. எரிபொருள் வால்வில் இரண்டு சுருள்கள், ஒன்று பழுதானால் இன்னொன்று. தனித்தனியாக இரண்டும் நன்றாக வேலை செய்தன. இரண்டையும் ஒன்றாக இயக்கிச் சோதித்தபோது எரிபொருள் வரத்து நின்றுவிட்டது. மறுநாள் விடிகாலை 5 மணிக்கு மீண்டும் இயக்கி, விட்டதைப் பிடித்தார்கள். கத்தலும் இல்லை, வசனமும் இல்லை. திட்ட இயக்குநர் நம் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த சுப்பையா அருணன். கலம் 2014 செப்டம்பர் 24-இல் செவ்வாயை அடைந்தது. ஆறு மாதத்துக்கு என்று அனுப்பியது எட்டு வருடம் தாங்கியது. செலவு 450 கோடி. எதற்கு இந்தச் செலவு என்றும் மாடியில் ஒருவர் கேட்டார். தானே புயல் அடித்த 2011 டிசம்பரை நினைவுபடுத்தி, அன்றைக்குப் படகுகளைக் கரையேற்றச் சொன்ன எச்சரிக்கை எங்கிருந்து வந்தது என்று இன்னொருவரே பதில் சொல்லிவிட்டார்.

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராத்திரியில் ராக்கெட் ஏவும்போது வானம் தெளிவாக இருந்தால், தேவனாம்பட்டினம் கடற்கரையில் நின்று வடக்கே பார்க்கலாம். தண்ணீருக்கு மேலே ஆரஞ்சு நிறத்தில் ஒரு புள்ளி எழும்பும். இருநூறு கிலோமீட்டருக்கு மேல் தொலைவு, அதனால் சத்தமே வராது. பிள்ளைகள் கத்துவதுதான் கேட்கும்.

கலம் பூமிக்குள் நுழையும்போது தொடர்பு அறுந்துபோகும் அந்தக் காட்சியைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். எதிர்பார்த்ததைவிட ஒரு நிமிடத்துக்கு மேல் நிஜத்திலும் தாமதமானது. மூன்று பேரும் உயிரோடு வருவார்கள் என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் படம் போட்டேன். இருந்தும் அந்த நேரத்தில் மாடியில் ஒரு சத்தம் இல்லை. காற்றில் வேட்டி படபடக்கிற சத்தம் மட்டும்.

மீன் விற்கும் அக்கா ஒருவர் அன்று கடைசிவரை எதுவும் பேசவில்லை. மறுநாள் காலையில் கூடையோடு வாசலில் நின்றபோதுதான் கேட்டார். “ஏம்பா, அந்த ஆளு பொண்டாட்டிக்கு அங்க என்ன நடக்குதுன்னு யாரு வந்து சொன்னாங்க?”

வீரர்களின் வீட்டில் ஒரு ஒலிபெருக்கிப் பெட்டி வைத்திருப்பார்கள், மேலே பேசுவதும் கீழே பேசுவதும் அப்படியே வீட்டுக் கூடத்தில் கேட்டுக்கொண்டிருக்கும் என்றேன். படத்திலும் வருகிறதே என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். “பொட்டி இருந்திருக்கு” என்றார். “எங்க வூட்டுக்காரரு போட்டு ரெண்டு நாளு வராதப்ப நான் பாலத்துலதான் நின்னுக்கிட்டிருந்தேன்.” அப்புறம் கூடையிலிருந்த ஈரத்துணியை விலக்கி, இன்றைக்குச் சங்கரா நன்றாக இருக்கிறது என்று எடுத்துக் காட்டினார்.